பக்கத்தைச் சுருக்கியது யார்?

"இன்னா மேரி, நீ செஞ்ச வேலைய ஜெபதாஸ் சாரு தாம் பேர்ல போட்டுக்கினாரே, தெரியுமா?"

டெஸ்டிங்கில் இருக்கும் கிளியம்மாள் டிபன் பாக்ஸைத் திறந்தபடி கேட்டாள். செல்வமேரிக்குச் சோறு இறங்கவில்லை.

"யார் சொன்னது?"

"மானேஜர் ரூமாண்ட போனேன். 'பக்கத்தச் சுருக்கினது நான்தான் சார்'னு அவரே சொல்லிக்கினு இருந்தாரு."

எண்பத்தேழில், ஒரகடம் சாலையில் இருந்த சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனி அது. செல்வமேரிக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

மெஷினை இயக்கும் மூல புரோகிராமான கெர்னல், மெமரியைச் சம அளவுப் பக்கங்களாகப் பிரித்துத் தரும். பக்கம் பெரிது என்பதால் துளி வேலைக்கும் முழுப் பக்கம் போனது; மீதி சும்மா கிடந்தது. மெஷினோடு இணைந்த எட்டு டெர்மினலில் ஐந்துதான் ஓடின. அவள் பக்கத்தை நாலில் ஒன்றாகச் சுருக்கினாள். எட்டும் ஓடின. மேலதிகாரி ஜெபதாஸ் "சரி" என்று மட்டும் சொன்னார். அதே கெர்னலோடு ஒரு மெஷின் மெட்ராஸ் வாடிக்கையாளருக்குப் போனது.

செல்வமேரி நேராக ஜெபதாஸிடம் போனாள்.

"சார், பக்கத்தைச் சுருக்கினது யாரு?"

டிராயரில் எதையோ தேடிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"நான்தான். யார் கேட்டாலும் நீயும் அப்படியே சொல்லு."

"இதுக்கு நீங்க ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகாமலே இருக்கலாம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாலை வேனில் அவர் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்வரை அவள் நின்றுகொண்டே வந்தாள்.

மறுநாள் காலை மானேஜர் கூப்பிட்டார்.

"பக்கம் நாலில் ஒண்ணா சுருங்கினா, எது யாரோட பக்கம்னு குறிக்கிற அட்டவணை நாலு மடங்கா வளரும், இல்லையா?"

"வளரும் சார்."

சொல்லும்போதுதான் உறைத்தது. அட்டவணைக்கு ஒதுக்கிய இடத்தை அவள் கூட்டவே இல்லை.

"இங்கே ஓட்டினது சின்ன வேலை, தெரியல. மெட்ராஸ்ல எட்டுப் பேரும் பெரிய வேலையா ஓட்டினதும் அட்டவணை இடம் பத்தாம வழிஞ்சு கெர்னல் மேலேயே ஏறிடுச்சு. அவங்க ஃபைல் எல்லாம் போச்சு. ஜெபதாஸை நேத்தோட அனுப்பிட்டோம்."

"சார், அது..."

"பயப்படாதே. 'அந்தப் பொண்ணு அதைத் தொடவே இல்லை'ன்னு கிளம்பறப்பகூட சொல்லிட்டுத்தான் போனார்."