பிரேமா மிஸ்ஸிக்குப் பொன்னாடை

மலேசியாவின் பீடோங்கில் தாதி பிரேமாவதிக்கு அவள் வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டுப் பாராட்டு விழா. குடியிருப்போர் சங்கத் தலைவர் சுகுமாரன் மைக்கை விடுவதாக இல்லை.

"நம்ம பிரேமா மிஸ்ஸி நடமாடுற தெய்வம்!"

"அண்ணே, எனக்கு நேரமாச்சு..." பிரேமாவதி எழுந்தாள்.

"பாத்தீங்களா அடக்கத்த? உக்காரும்மா, தெய்வத்துக்கு என்னலா அவசரம்?"

கைத்தட்டலோடு மூன்றாவது பொன்னாடை விழுந்தது.

சுகுமாரனின் கைப்பேசி அலறியது. மருத்துவமனையில் படுத்திருக்கும் அவருடைய அம்மா.

"என்னம்மா? கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தும் ஆளே வரலையா? காலை டூட்டி மிஸ்ஸி இன்னும் வரவே இல்லையாமா?" மைக்கிலேயே கத்தினார். "யாருலா அந்தப் பொறுப்பு கெட்ட மிஸ்ஸி? இப்பவே புகார் கொடுக்கறேன்!"

"கொடுங்கண்ணே," என்றாள் பிரேமாவதி. "அதுக்கு முன்ன இந்தக் கூடாரத்தப் பிரிங்க. என் காடி வெளிய ஓட்டிட்டுப் போக வழியில்லாம கேட்டுக்கு உள்ள மாட்டிக்கிட்டு நிக்குது. உங்கம்மா வார்டுல இன்னிக்குக் காலையில நான்தான் டூட்டி."