மருமகளின் அளவு

ஷாங்காயின் அந்தச் சந்தில் ருய்ஃபாங் ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தால் குண்டானவள் மெலிந்து தெரிவாள், குட்டையானவள் வளர்ந்து தெரிவாள். அவள் மருமகள் பெய்லிங்குக்கு மட்டும் கோணிப்பை மாதிரி ஒன்று. கழுத்து காதுவரை ஏறியிருக்கும், கை நீண்டு விரல்களை மூடியிருக்கும்.

பொதுக் குழாயடியில் பக்கத்து வீட்டு ஷூஜுவான் கேட்டே விட்டாள்.

"ஏன்க்கா, எனக்கு இல்லாத இடுப்பையே வரவச்சீங்க. இந்தப் பொண்ணுக்கு இருக்கறதையும் மறைச்சிட்டீங்களே. மருமக அழகு மேல அவ்வளவு பொறாமையா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். ருய்ஃபாங்கும் சிரித்து வைத்தாள். பொறாமைக்காரி என்ற பெயர் அவளுக்கு வசதியாகவே இருந்தது.

"அவளுக்குக் குளிர் தாங்காதும்மா" என்றாள்.

கீரை அலசிக்கொண்டிருந்த பெய்லிங் எழுந்து, ஈரக் கையோடு ஸ்வெட்டரைத் தலைவழியே கழற்றினாள். உள்ளே கையில்லாத பனியன்தான். கழுத்தில் விரல் தடங்கள் கறுத்திருந்தன. தோளிலிருந்து மணிக்கட்டுவரை கன்றிப்போயிருந்தது.



"அத்தை அளவு தப்பா எடுக்கலக்கா" என்றாள் பெய்லிங், ஷூஜுவானிடம். "அவங்க பையன் கை எங்கெல்லாம் படுதோ, அதுவரைக்கும் சரியாப் பின்னியிருக்காங்க."