திருத்தாத பிழை

“நௌத்தா ஃபெஸ்ஸா,” என்றான் பெர்க்மான்ஸ்.

களைத்த மாலுமி. லத்தீனில் அப்படிச் சொன்னால் தப்பு. நௌத்தா பார்வைக்குத்தான் பெண்பால், மாலுமி ஆண். ஃபெஸ்ஸுஸ் என்று முடிந்திருக்க வேண்டும்.

“சரி,” என்றான் இன்னாசி.

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது.

கண் புத்தகத்தில் இருந்தது. காது கீழே, பாதிரியாருக்குப் படிக்கும் அந்தக் குருமடத்தின் வாசலில் இருந்தது. வண்டி இன்னும் வரவில்லை.

எதிர் பெஞ்சில் பெர்க்மான்ஸ். மத்தியானம் லத்தீன் பரீட்சை. ஒருவன் கேட்க ஒருவன் சொல்வது, குருமடத்துக்கு வந்த நாளிலிருந்தே இருவருக்கும் வழக்கம். கேட்கிறவன் எப்போதும் இன்னாசி. ஓர் எழுத்து பிசகினாலும் விடமாட்டான். அதற்குப் பயந்தே மற்றவர்கள் அவனோடு படிக்க உட்காருவதில்லை.

பெர்க்மான்ஸ் மட்டும் உட்காருவான்.

காலையில் கோயிலை விட்டு வெளியே வரும்போது குருமட அதிபர் இன்னாசியை மட்டும் தூணருகே நிறுத்தினார். பெர்க்மான்ஸின் அண்ணன் ததேயுவின் வள்ளம் கிடைத்துவிட்டது. கவிழ்ந்து மிதந்ததாம். ததேயு வேறொரு கரையில் ஒதுங்கியிருக்கிறான்.

“உயிரோட இல்லப்பா,” என்றார். “வண்டிக்குச் சொல்லியிருக்கேன். வந்ததும் நானே சொல்லி, நானே கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் அவன் ஆபீஸ் பக்கம் வர வேணாம். ஊர்லேர்ந்து யாராவது போன் அடிச்சுட்டே இருப்பாங்க. நீ பாத்துக்க.”

இன்னாசி தலையாட்டினான். நேரே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தான். வேறு எதைச் சொல்லி ஒருவனை ஓர் அறைக்குள் உட்கார வைப்பது?

முந்தாநாள் காற்று எழுந்தபோது கடலில் இருந்த வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்துவிட்டன. ததேயுவின் வள்ளம் ஒன்றுதான் வரவில்லை. பெர்க்மான்ஸ் ஊருக்குக் கிளம்பத்தான் இருந்தான். அம்மா போனில் தடுத்துவிட்டாள். “பரிச்சைய எழுதிட்டு வா மக்களே. அண்ணன் வந்திருவான்.”

“அடுத்தது?” என்றான் பெர்க்மான்ஸ்.

இன்னாசி அவசரமாகப் பக்கங்களைத் தள்ளினான். வேற்றுமைகளை விட்டு வினைச்சொல்லுக்குப் போய்விடலாம். மாலுமிகள் இல்லாத பக்கம் ஏதாவது.

வந்து விழுந்தது, ஆசையைச் சொல்லும் வினை. நடந்ததைச் சொல்லாது. நடக்கவேண்டும் என்று மனசு கேட்பதை மட்டும் சொல்லும்.

“தூதன் வந்துவிட வேண்டுமே,” என்று வாசித்தான், பெர்க்மான்ஸ் லத்தீனில் சொல்ல.

பெர்க்மான்ஸ் ஜன்னலைப் பார்த்தான். தூதனை விட்டுவிட்டான்.

“ஊத்தினாம் ஃப்ராத்தெர் வேனியாத்.”

அண்ணன் வந்துவிட வேண்டுமே.

வரக்கூடியவனுக்கு வேனியாத். இனி வரவே முடியாதவனுக்கு அது செல்லாது. வேனிஸ்ஸெத் என்று இறந்தகாலத்துக்கு இறங்க வேண்டும். வந்திருக்கக் கூடாதா என்று. இந்த வித்தியாசத்தைப் பெர்க்மான்ஸின் மண்டையில் ஏற்றியவனே இன்னாசிதான். கத்திக் கத்தி ஏற்றினான்.

“சரியா?”

பெர்க்மான்ஸ் இப்போது ஜன்னலைப் பார்க்கவில்லை. இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி.”

வெளியே ஒரு வண்டி. இன்னாசியின் கழுத்து தானாகத் திரும்பியது. காய்கறி வண்டி. சமையற்கட்டுப் பக்கம் போய் நின்றது.

அவன் திரும்பிப் பார்த்தபோது பெர்க்மான்ஸ் அசையாமல் இருந்தான்.

“வேற்றுமைய இன்னொரு தடவ சொல்லுகேன்,” என்றான். “நௌத்தா. நௌத்தே. நௌத்தே. நௌத்தும்.”

நௌத்தும். அப்படி ஒரு சொல்லே கிடையாது. லத்தீன் தொடங்கிய முதல் வாரத்திலேயே எவனும் நௌத்தாம் என்று சரியாகச் சொல்லிவிடுவான்.

பெர்க்மான்ஸ் அதை நிதானமாகச் சொன்னான். சொல்லிவிட்டுக் காத்திருந்தான்.

இன்னாசிக்குப் புரிந்தது. இப்போது திருத்தினால் போதும். வழக்கம்போல் புத்தகத்தால் பெஞ்சில் ஓர் அடி அடித்து, மடையா என்று திட்டினால் போதும். இன்னும் கொஞ்ச நேரம் அவனுக்கு அண்ணன் உயிரோடு கடலில் இருப்பான்.

வாயைத் திறந்தான்.

“சரி,” என்றுதான் வந்தது.

பெர்க்மான்ஸின் குரல் உயரவில்லை.

“நீ இப்பிடி விடமாட்டியே, மக்கா.”

இன்னாசி புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வரிகூட ஓடவில்லை.

கீழே இன்னொரு வண்டி வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தம். யாரிடமோ தாழ்ந்த குரலில் அதிபர். பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

இன்னாசி எழுந்தான்.

“இரி,” என்றான் பெர்க்மான்ஸ். “அவரு வாறது வரைக்கும் கேளு.”

இன்னாசி உட்கார்ந்து புத்தகத்தை மூடினான்.

பெர்க்மான்ஸ் தானே தொடங்கினான்.

“ஃப்ராத்தெர்.”

அண்ணன்.

“ஃப்ராத்ரிஸ்.”

அண்ணனுடைய.

“ஃப்ராத்ரி.”

அண்ணனுக்கு.

“ஃப்ராத்ரெம்.”

அண்ணனை.

“ஃப்ராத்ரெ.”

அண்ணனிடமிருந்து.

ஒரு பிழை இல்லை.

அதிபர் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

இன்னும் ஒன்று இருந்தது. விளி. கூப்பிடும்போது சொல்வது.

பெர்க்மான்ஸின் உதடு பிரிந்து நின்றது.

இன்னாசி எடுத்துக்கொடுக்கவில்லை. காத்திருந்தான்.