நாற்பத்தோராவது போன்

"நாற்பது போன் வந்தாச்சு. நாற்பத்தோராவது எங்கே?"

கேட்டுவிட்டு முதலாளி இருமினார். ஒரு வாரமாக அந்த இருமல் அவரை விட்டபாடில்லை. எந்த மருந்துக்கும் மசியவில்லை.

மீட்டிங் அறையின் நீள மேஜையில் கம்பெனியின் பழைய செல்போன்கள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து, சிம்மை உருவி, ஒவ்வொன்றின் முதுகிலும் நம்பர் ஒட்டியிருந்தாள் கணினிப் பிரிவுப் பெண். வயிறு உப்பிப்போன பேட்டரிகள் மூன்று மட்டும் மூலையில் மணல் வாளிக்குள் தனியாகக் கிடந்தன. கீழே மறுசுழற்சிக்காரர்களின் வண்டி காத்திருந்தது. 'பொறுப்பான நிறுவனம்' என்று அவர்கள் தரப்போகும் சான்றிதழை மாட்டச் சுவரில் ஆணிகூட அடித்தாயிற்று. சான்றிதழ் வருவதற்குள் பெருமை வந்து உட்கார்ந்துவிட்டது.

"எட்டுமணிகிட்ட இருக்கு சார். குடுக்க மாட்டேங்கிறார்," என்றாள் அவள்.

எட்டுமணி என்பது வரவேற்பு மேஜைக்காரரின் பட்டப்பெயர். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து காலை எட்டு அடிக்கும்போது வாசலில் நிற்பவர். கூப்பிட்டதும் வந்தார். ஒரு கையில் ஆவி பறக்கும் சுடுதண்ணீர், மறு கையில் பொத்தான்கள் தேய்ந்துபோன போன். தண்ணீரை முதலாளியின் பக்கத்தில் வைத்தார். போனை வைக்கவில்லை.

"காக்கா பிடிக்கிறதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல." முதலாளி ஒரு வாய் குடித்துக்கொண்டார். "போனை வைய்யா."

"இது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமே சார்."

"எதுக்கு? கண்ணாடிப் பெட்டியில வச்சு வேடிக்கை காட்டவா?"

கணினிப் பெண் களுக்கென்று சிரித்தாள். "கம்பெனியோட முதல் போனே இதுதானாம் சார். பட்டியல்ல இருக்கு. இன்னைக்கு மதியத்தோட இந்த நம்பரும் ரத்து."

எட்டுமணியின் முகம் செத்துப்போனது. "அம்மா கூப்பிடுவாங்க சார். தினமும் பதினோரு மணிக்கு."

"அம்மாவா! ஐம்பது வயசுல அம்மா பிள்ளை! ஏன்யா, உன் சொந்த நம்பரைக் குடுத்துத் தொலைக்கிறதுதானே?"

"கண்ணு தெரியாது சார். அவங்க போன்ல ஒரே ஒரு பொத்தானைத் தடவிப் பார்த்து அழுத்துவாங்க. அது இந்த நம்பருக்குத்தான் வரும். இது நின்னுபோச்சுன்னா, அவங்களுக்கு வேற பேச்சுத் துணையே கிடையாது."

"நேர்ல போய் மாத்திக் குடுத்துட்டு வர்றது."

"நான் போனா சரிப்படாது சார். அதுக்கு மேல கேட்காதீங்க, வாக்குக் குடுத்திருக்கேன்."

"வாக்கு! பெரிய அரிச்சந்திரன்!" முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "பெத்தவளைப் போய்ப் பார்த்து எத்தனை நாள் ஆச்சு? அதையாவது சொல்லு."

எட்டுமணி முதல்முறையாக நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தார்.

"ஆறு வருஷம் ஆகுது சார்."

"கேட்டியாம்மா!" முதலாளி மேஜையைத் தட்டினார். போன்கள் நாற்பதும் துள்ளின. "ஆறு வருஷமா எட்டிப் பார்க்கல. போனைக் கட்டிக்கிட்டு மட்டும் அழறான்! பாசமாம் பாசம்! பொறுப்புன்னா என்னன்னு தெரியுமாய்யா உனக்கு? பழசாப் போச்சுங்கிறதுக்காக ஒண்ணை மூலையில வீசிட்டு மறந்துடக் கூடாது. அதுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்து, மதிச்சு, சேர வேண்டிய இடத்துல சேர்க்கணும்!"

சாயங்கால விழாவில் பேச எழுதி வைத்திருந்த வரிகள் அவை. வாயில் நன்றாகத்தான் உருண்டன. இன்னொரு முறை சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது.

"நீங்க சொல்றது ரொம்பச் சரி சார்," என்றார் எட்டுமணி.

அது பணிவா, வேறு ஏதாவதா என்று முதலாளிக்குப் பிடிபடவில்லை. பிடிபடாதது எதுவும் அவருக்குப் பிடிக்காது. "என்னய்யா முறைக்கிற? வண்டிக்காரன் நிக்கிறான், குடு!"

அப்போது பதினோரு மணி ஆயிற்று. எட்டுமணியின் கையிலேயே போன் அலறியது.

முதலாளி எழுந்து அதை வெடுக்கென்று பிடுங்கினார். "இரு இரு, நானே சொல்றேன். எப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பெத்து வச்சிருக்காங்கன்னு அந்த அம்மாவுக்கும் தெரியட்டும்." கணினிப் பெண்ணும் கேட்டுச் சிரிக்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டார்.

தடுக்கக் கை நீட்டிய எட்டுமணி, என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டார்.

முதலாளி "ஹலோ" சொல்ல வாயைத் திறந்தார். இருமல் முந்திக்கொண்டது. இரண்டு வறட்டு இருமல், கடைசியில் விசில் மாதிரி ஓர் இழுப்பு.

"தம்பி எட்டுமணி, பக்கத்துல இருமுறது யாருப்பா?" மறுமுனையில் நடுங்கியது ஒரு கிழக்குரல். "கடைசியில இழுக்குதே... இது என் பிள்ளை இருமலாச்சே! கண்ணு, நீயா? ஆறு வருஷம் கழிச்சு அம்மா போனை நீயே எடுத்துட்டியா? உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் அந்தத் தம்பி வாயைக் கட்டி வச்சேன், அவரைத் திட்டிடாதே சாமி... சுடுதண்ணி குடுக்கச் சொல்லியிருந்தேனே, குடிச்சியா?"