நாலு திருகு

“பழசை அழிச்சிடாதீங்க தம்பி. மக பாடிப் பதிஞ்சதெல்லாம் அதுலதான் இருக்கு. நான் தொட்டா அவளுக்குப் பிடிக்காது. எனக்குன்னு லினக்ஸ் தனியா போட்டுக் கொடுங்க” என்று கம்ப்யூட்டரைக் காட்டினார் பெரியவர்.

மெக்கானிக் தலைகீழாக நின்றும் ஹார்ட் டிஸ்க் கண்ணில் படவில்லை. செட்டிங்கை மாற்றியும் பலனில்லை.

“கேபிள் கழண்டிருக்கும் சார்” என்று பெட்டியைத் திறந்தான்.

டிஸ்க் இருந்த இடம் காலி. நாலு திருகையும் யாரோ டேப் போட்டுப் பத்திரமாக ஒட்டி வைத்திருந்தார்கள்.

“உங்க மகதான் கழட்டியிருப்பாங்க. கேட்டுப் பாருங்க சார்.”

பெரியவர் மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னார்.

“நான்தாங்க கழட்டினேன்” என்றாள் அவள். “என் உசுரே இதுலதான் இருக்குன்னு சொல்லிட்டே இருப்பாளே. புதைக்கும்போது வெறுங்கையோட எப்படிங்க அனுப்புவேன்?”