பூட்ஸுக்குள் ஆரஞ்சு

"மாடிப்படி என்ன செருப்புக் கடையா? இதோட நாலு தடவை சீட்டு எழுதி ஒட்டிட்டேன். நீங்க படிக்கறதே இல்லையா?"

துடைப்பத்தோடு மூச்சிரைக்க மூன்றாம் மாடி ஏறி வந்த லிண்ட்னர் அம்மாள், கதவு திறந்ததுமே ஆரம்பித்துவிட்டாள். தரைத்தள வீட்டுக்காரி. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தில் இருந்த அந்தக் கட்டடத்தில் யார் எத்தனை மணிக்குக் குளிக்கிறார்கள் என்பதுவரை அவளுக்குத் தெரியும். கேட்காமலே சொல்லவும் செய்வாள்.

கதவைத் திறந்த வூலான் அழுதுகொண்டிருந்தாள். கையில் ஒற்றை பூட்ஸ்.

இந்தோனேசியாவிலிருந்து படிக்க வந்த பெண். தெருவில் போட்டதை வீட்டுக்குள் கொண்டுபோக அவளுக்கு மனம் வராது. பனி கொட்டினாலும் செருப்பு வாசலில்தான். வந்து மூன்று மாதமாகிறது. கட்டடத்தில் அவளிடம் யாராவது பேசினார்கள் என்றால் அது இந்தச் செருப்புச் சீட்டுகள்தான். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. கடைத்தெரு முழுக்கக் கிறிஸ்துமஸ் விளக்கு. அவள் அறையில் சத்தம் போடுவது ஹீட்டர் மட்டும்.

"இனிமே ஒட்ட வேணாம். சனிக்கிழமை ஊருக்கே போறேன். படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"தெரியும். நேத்துப் பெட்டி இழுத்தது கேட்டுது."

"மூணு மாடிக்குக் கீழயா?"

"எனக்குக் கேட்கும்."

"போகப் போறவளை இப்படியா அவமானப்படுத்துவாங்க?" வூலான் பூட்ஸைக் கவிழ்த்தாள். இரண்டு ஆரஞ்சு, நாலைந்து வால்நட், மினுமினுக்கும் தாளில் சுற்றிய சாக்லேட் தாடிக்காரர் ஒருவர், எல்லாம் தரையில் உருண்டன. "என் செருப்பு என்ன குப்பைத் தொட்டியா? தின்கிற பொருளைச் செருப்புல போட்டா, எங்க ஊர்ல அதுக்கு மேல கேவலம் கிடையாது!"

லிண்ட்னர் அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

"இன்னிக்கு என்ன தேதி?"

"ஆறு."

"டிசம்பர் ஆறு. நிக்கோலஸ் நாள். முதல் நாளே பூட்ஸை வாசல்ல வெச்சுட்டா, விடியறதுக்குள்ள அவர் வந்து ரொப்பிட்டுப் போவார். பிடிச்சவங்களுக்குத்தான். பிடிக்காதவங்களுக்குக் கொட்டைத் தோல்கூட வராது."

"அவர்னா யாரு?"

"ஒரு தாடிக்காரப் பாதிரியார். செத்து ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதனால வேற யாராவதுதான் அவருக்காகப் படியேற வேண்டியிருக்கு."

வூலான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ எனக்கு யாரு வெச்சாங்க?"

லிண்ட்னர் அம்மாள் எதிர்வாசலை ஒருமுறை பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்தபடி குனிந்து, ஓடிப்போன வால்நட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒரு கேள்விக்கு அவள் இத்தனை நேரம் எடுத்துக்கொண்டதை அந்தக் கட்டடம் பார்த்ததில்லை.

"நான்தான்."

"நீங்களா?"

"ஏன், நான் வெக்கக் கூடாதா? செருப்பை வெளியில வெக்கக் கூடாதுங்கறது சட்டம். அது வேற, இது வேற."

வூலான் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். கட்டிப்பிடித்துப் பழக்கமில்லாத லிண்ட்னர் அம்மாள் விறகுக்கட்டை போல நின்றாள்.

"போதும், போதும். உள்ள போ. வெறுங்கால் ஜில்லிட்டுப் போச்சு பாரு."

மூன்று மாதத்தில் அவள் சொன்ன முதல் 'போ'. அதுவரை 'போங்க'தான்.

கதவு மூடியது. காதைக் கதவோரம் வைக்காமல் நகர்ந்தால் அது லிண்ட்னர் அம்மாளா? உள்ளே வூலான் தன் ஊர் மொழியில் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் வரலம்மா! டிக்கெட்டை ரத்து பண்ணிடறேன். இங்க ஒரு அம்மா எனக்காக மூணு மாடி ஏறி வந்திருக்காங்க..."

மொழி புரியாவிட்டாலும் குரலில் இருந்த சந்தோஷம் புரிந்தவள் விடுவிடுவென்று இறங்கினாள். தன் அலமாரியில் இருந்த சாக்லேட், பிஸ்கட்டையெல்லாம் மடியில் வாரிக்கொண்டு, மறுபடியும் மூன்று மாடி ஏறி, எதிர்வீட்டுக் கதவை விரலால் மெல்லத் தட்டினாள். ரொட்டி ஆலையில் இரவு வேலை முடித்து வந்திருந்த ஊவே, தூக்கக் கலக்கத்தோடு எட்டிப் பார்த்தான்.

"உம் பொண்ணு எழுந்துட்டாளா?"

"லோட்டேயா? இன்னும் இல்ல. ஏன்?"

"சத்தம் போடாம இதையெல்லாம் அவ பூட்ஸ்ல போடு. ரெண்டு வாசல் பூட்ஸும் ஒரே அளவா இருக்க, படிக்கட்டு விளக்கைக்கூடப் போடாம விடியக்காலையில நீ ரொப்பிட்டுப் போனது எதிர்வீட்டுப் பொண்ணோட பூட்ஸை!"