ஒன்பது இன்னிங்ஸ் மாப்பிள்ளை

“ஒன்பது இன்னிங்ஸ். ஒரு ரன் இல்லை. இவனுக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?”

ஆனந்தராஜா கையிலிருந்த தாளை மனைவி கனகாம்பிகையிடம் நீட்டினார். காலையில் அவருடைய மேசையில் கிடந்த தாள் அது. ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் புள்ளிவிவரம். லதீசன் என்ற பெயருக்கு எதிரே வரிசையாகப் பூச்சியங்கள்.

லதீசன், மகள் கம்சிகாவுக்குப் பேசி வந்திருக்கும் மாப்பிள்ளை. டொரண்டோவில் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடுகிறவன். சாதகம் பொருந்தி, படம் பார்த்து, பெண்ணும் பையனும் இரண்டு தரம் வீடியோவில் பேசியும் ஆயிற்று. நாலு மணிக்கு மாப்பிள்ளையின் மாமா குகநாதன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து போன் எடுப்பார். ‘ஓம்’ என்றால் ஆவணியில் கல்யாணம். இப்போது மூன்றரை.

“பெடியன் நல்ல உயரம், குடிக்கிறேல்லை. ரன்னுக்கோ பிள்ளையைக் கட்டிக் குடுக்கிறம்?” என்றாள் கனகாம்பிகை.

ஆனந்தராஜா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியின் தொடக்க ஆட்டக்காரர். குடும்பம் குடியேறியிருக்கும் செவன் கிங்ஸின் பூங்காவில் தமிழ்ப் பெடியன்கள் ஆடும் கிரிக்கெட்டுக்கு இப்போதும் அவர்தான் நடுவர். முட்டை போட்டுவிட்டுத் திரும்புகிறவனின் முகத்தைக்கூட அவர் பார்ப்பதில்லை.

கம்சிகா சோபாவின் ஓரத்தில் இருந்தாள்.

“அப்பா, பேஸ்பால் கிரிக்கெட் மாதிரி இல்லை.”

“எந்த விளையாட்டெண்டாலும் ரன் ரன்தான் பிள்ளை. இஞ்ச பார், ஸ்ட்ரைக் அவுட் பதினொண்டு. ஒரு மனிசன் ஒரே நாளில பதினொரு தரம் அவுட் ஆவானோ?”

தாள் பிழையாக இருக்குமோ என்று தாய் இழுத்தாள்.

“இல்லை அம்மா. அது அவற்ற ரெக்கோர்ட்தான்.” கம்சிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

குனிந்த தலையைப் பார்த்ததும் ஆனந்தராஜா முடிவெடுத்துவிட்டார்.

சரியாக நாலு மணிக்கு போன் அடித்தது. அவர் வலு மரியாதையாகப் பேசினார்.

“பெடியன் தங்கம், அண்ணை. சாதகத்தை இன்னொரு ஐயரிட்டயும் காட்டினம். செவ்வாய் கொஞ்சம் இடிக்குதாம்.”

முட்டையைப் பற்றி மூச்சு விடவில்லை. செவ்வாயோடு வாதாட குகநாதனும் விரும்பவில்லை. இரண்டு நிமிடத்தில் சம்பந்தம் முறிந்துபோனது.

கனகாம்பிகை முகத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். மாடியேறிப் போகும் மகளைப் பார்க்க ஆனந்தராஜாவுக்குப் பாவமாக இருந்தது. மூன்று மாதத்துக்குள் இதைவிட நல்ல இடம் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

கம்சிகா அறைக் கதவைச் சாத்திவிட்டு, டொரண்டோவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி ஒன்று அனுப்பினாள்.

“லதீசன், நீங்கள் அனுப்பின தாள் வேலை செய்திட்டுது. எதிரணியைப் பதினொரு தரம் அவுட் ஆக்கி, ஒருத்தரையும் ரன் எடுக்க விடாமல் நீங்கள் பந்தெறிஞ்சு எடுத்த பூச்சியத்தை, நீங்கள் அடிச்ச ரன் எண்டு அப்பா நினைச்சிட்டார். இனி நீங்கள் உங்கட ஆளைப் பற்றி வீட்டில கதையுங்கோ. என்ர ஆள் விஷால் போன ஞாயிறு சவுத்தாலில அடிச்ச எண்பத்தேழு ரன்னை நான் நாளைக்கு அப்பான்ர மேசையில வைக்கிறன்.”